மணல் கோயிலின் பத்தாவது ஆள்

இஞ்சாருங்கோ,

ஒஸ்லோவில், எங்கள் ஸ்டோவ்னர் பக்கம் பனி உருகிவிட்டது. குளிர்காலம் முழுக்க ஆட்கள் வழுக்கி விழாமலிருக்க நடைபாதையில் கொட்டிய மணலும் பொடிக்கல்லும் இப்போது தூசியாகக் கிடக்கின்றன. கூட்டுகிற வண்டி எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. சனத்தின் சப்பாத்துகளோடு ஏறிவந்து படிக்கட்டு, லிஃப்ட், எங்கள் வாசல் எல்லாம் மணல். இன்று காலை வேலைக்குப் போகக் கதவைத் திறந்தேன், காலடியில் நறநறவென்றது. உங்கள் ஞாபகம் வந்தது என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது கோபம்தான். இருபது வருடமாக இந்த மணலை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர் என்று உங்களைத்தானே ஏசினேன். இப்போது நீங்கள் இல்லை, மணல் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறது.

நான் ஏசும்போதெல்லாம் உங்களிடம் ஒரே பதில்தான். "கோயிலுக்குள்ளையே மணல் கொட்டி வைச்சிருக்கிற சனத்தைக் கண்டனான். நீர் என்னடாவெண்டால் வாசலிலை கிடக்கிற மணலுக்குச் சண்டைக்கு வாறீர்."

அந்தக் கோயிலின் கதையைக் கலியாணம் முடிந்த முதல் கிழமையே சொல்லிவிட்டீர்கள். புதுப்பெண்ணிடம் சொல்ல உங்களுக்கு வேறு கதை கிடைக்கவில்லை. நீங்கள் வேலை செய்த நோர்வேக் கப்பல் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் சீனி ஏற்றப் போனதும், எஞ்சின் பழுதாகி, உதிரிப்பாகம் வரும்வரை ஒன்றரை மாதம் அங்கேயே கிடந்ததும் எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் துறைமுகத்துச் சாராயத் தவறணைகளில் பொழுதைப் போக்கினார்களாம், நீங்கள் மட்டும் ஊர் பார்க்கப் போனீர்களாம். தவறணைக்கும் போயிருப்பீர்கள். அதை என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளை மதில், நீல யன்னல்கள், உள்ளே உயரமான தூண்கள், தொங்கும் பித்தளை விளக்குகள், நிலமெல்லாம் வெண்மணல். யூதர்களின் ஜெப ஆலயம் என்று உங்களுக்குத் தெரியாது. விக்கிரகம் ஒன்றையும் காணாவிட்டாலும் கோயில் என்று மனதில் பட்டுவிட்டது. பிறகென்ன, ஊரில் ஊர்காவற்துறைக் கோயிலில் பழகிய பழக்கம். செருப்பை வாசலில் விட்டீர்கள். தொப்பியைக் கழற்றினீர்கள். சட்டையையும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கைகூப்பினீர்கள். மூலையில் மணல் அரித்துக்கொண்டிருந்த கிழவர் அரிதட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாராம். அங்கே தலையை மூட வேண்டும், உடம்பை மூட வேண்டும், சப்பாத்தோடு போகலாம். நீங்கள் மூன்றையும் தலைகீழாகச் செய்திருந்தீர்கள். கிழவர் சட்டையைப் போடவைத்தார், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கடைசியாகக் காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

அந்தக் கிழவர்தான் ஆலயத்தைப் பராமரித்தவர். 'மணியகாரர்' என்று நீங்கள் அவருக்குப் பெயர் வைத்தீர்கள். அடுத்த நாளிலிருந்து அவரோடு சேர்ந்து மணல் அரிக்கத் தொடங்கினீர்கள். சருகையும் ஆட்டுப் புழுக்கையையும் அரித்து எடுத்துவிட்டு, சுத்தமான மணலைத் திரும்பப் பரப்பி வாரியால் இழுத்துவிட வேண்டும். வீட்டில் கூட்டுகிற தும்புத்தடியைத் தொடாத மனிதர், போன இடத்தில் அப்படி வேலை செய்திருக்கிறீர்கள்.

அரித்துக்கொண்டே கிழவர் கதை சொன்னார். அந்தத் தீவின் யூதர்களுடைய முன்னோர் போர்த்துக்கலில் இருந்தவர்கள். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறு, இல்லாவிட்டால் சாவு என்று அந்த அரசு நெருக்கியபோது வெளியே வேதக்காரராக நடந்து, வீட்டுக்குள்ளே ஒளித்து வழிபட்டார்கள். காலடிச் சத்தம் அயலுக்குக் கேட்காமலிருக்க நிலத்தில் மணல் பரப்பினார்கள். பிறகு ஒல்லாந்துக்குத் தப்பிப் போய், ஒல்லாந்தரின் கப்பல்களில் இந்தத் தீவுக்கு வந்தார்கள். இங்கே ஒளிக்கத் தேவையில்லை. ஆனாலும் மணலை விடவில்லை. முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததன் நினைவாக என்று சிலர் சொல்வார்களாம், அது இந்தக் கிழவருக்குப் பிடிக்காது. "சத்தம் கேட்கக் கூடாது எண்டு பயந்தவையை மறக்கக் கூடாது, அதுக்குத்தான்" என்று அடித்துச் சொன்னாராம்.

அதற்கு நீங்கள் உங்கள் கதையை எடுத்துவிட்டிருக்கிறீர்கள். எங்களையும் அதே போர்த்துக்கீசர் ஆண்டதையும், கோயில்களை இடித்ததையும், விரத நாளில் மரக்கறிச் சோறு தின்ற வாழையிலையை வெளியே எறியப் பயந்து சனம் கூரை இறப்பில் செருகி ஒளித்ததையும் சொன்னீர்கள். பிறகு ஒல்லாந்தர் வந்ததையும் சொன்னீர்கள். கிழவர் அரிதட்டை வைத்துவிட்டு உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். உலகத்தின் இரண்டு அந்தத்தில் இருந்தவர்களுக்கு எதிரியும் ஒன்றாக இருந்தது எனக்கும் அதிசயம்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த கதை. நீங்கள் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருந்தது.

மகள் வாணி ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படித்த காலம். ஒருநாள் தொலைக்காட்சியில் யூதர்களின் வழிபாட்டைப் பற்றி ஏதோ போனது. நீங்கள் சோற்றுக் கோப்பையோடு எழும்பி நின்றுவிட்டீர்கள். "என்ன?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றீர்கள். அன்று மிச்சச் சோறு குப்பைக்குத்தான் போனது.

அடுத்த சித்திரைப் பூரணை வந்தது. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். உங்கள் அம்மாவுக்கு வருடா வருடம் நீங்கள் இலை போட்டுப் படைப்பது வழக்கம். அந்த முறை இரண்டு இலை போட்டீர்கள்.

"ரெண்டாவது இலை ஆருக்கு?"

"ஒரு மனுசிக்கு."

"எந்த மனுசி?"

"உமக்குத் தெரியாது. அந்தத் தீவிலை செத்துப்போன மனுசி."

ஒரு கிழமை உங்களோடு நான் கதைக்கவில்லை. நீங்களும் விளக்கம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் இரண்டு இலை. கறி காய்ச்சியது நான்தான். வாழைக்காயைக் கொஞ்சம் கருக விட்டது தற்செயல் அல்ல என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடத்தில் உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற கதிரையில் கிடப்பீர்கள். நான் அங்கேயே சமையலறையில் வேலை என்பதால் இடைவேளையில் வந்து பக்கத்தில் இருப்பேன். அப்படி ஒருநாள்தான் மிச்சப் பாதியைச் சொன்னீர்கள்.

அது ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவிலிருந்து ஒருவர் அந்தத் தீவுக்கு வந்திருந்தார். அவருடைய தாய் அங்கே பிறந்து அங்கேயே அடக்கமானவர். அன்று தாயின் நினைவு நாள். இறந்தவருக்காக மகன் சொல்லவேண்டிய மந்திரம் ஒன்று இருக்கிறது. பத்து யூத ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்லலாம். முன்பு பெரிய சபையாம். ஆனால் பிழைப்புத் தேடி ஒவ்வொரு குடும்பமாகத் தீவைவிட்டுப் போய்விட்டது. வழிபாடு நடக்குமா இல்லையா என்பது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்களின் தொகையில்தான் இருந்தது. அன்று மதியம்வரை காத்தும் ஒன்பது பேர்தான். நீங்கள் கிழவர் தந்த தொப்பியோடு பின்னாலிருந்த மர வாங்கில் ஒதுங்கி இருந்தீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார்கள். நெல் அளக்கும்போது நாங்கள் ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குகிறோமே, அதுபோல அவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஆளுக்கொரு சொல்லாக வைத்துக்கொண்டு போவார்கள். கடைசிச் சொல் உங்களில் வந்து நின்றது. அவர் முகம் மலர்ந்து வழிபாட்டைத் தொடங்கிவிட்டார். முன்னால் முதுகு காட்டி நின்ற கிழவர் திரும்பியபோது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. உங்களை ஒருமுறை பார்த்துவிட்டு முன்னுக்குத் திரும்பிக்கொண்டார். நீங்களோ மரியாதைக்கு, அவர்கள் எழும்பும்போது எழும்பி, 'ஆமென்' சொல்லும்போது 'ஆமென்' சொன்னீர்கள். முடிந்ததும் அந்த மனிதர் உங்கள் இரண்டு கையையும் பிடித்து, "அம்மாவின் பெயர் எஸ்தர்" என்று சொல்லி அழுதார். அப்போது உங்கள் அம்மா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீங்களும் அழுதீர்கள். மறுநாள் கப்பல் புறப்பட்டுவிட்டது.

பத்துப் பேரும் யூதராக இருக்க வேண்டும் என்ற விதியை நீங்கள் அறிந்தது ஒஸ்லோவில், சோற்றுக் கோப்பையோடு எழும்பி நின்ற அந்த இரவுச் சாப்பாட்டில்தான்.

"அந்த மனுசன் தாயின்ரை திவசத்துக்கெண்டு அவ்வளவு தூரம் பறந்து வந்தவன். நான் நடுவிலை போய்க் குந்தியிருந்து கெடுத்துப்போட்டன்."

"தெரியாமல் நடந்ததுதானே."

"எனக்குத் தெரியாது, சரி. அந்த மனுசிக்கு அது போய்ச் சேர்ந்ததோ, இல்லையோ? அதைச் சொல்லும் பாப்பம்."

அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. இவ்வளவு காலமும் நான் பொறாமைப்பட்டது ஒரு கிழவியோடு என்று தெரிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. பிறகு உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நீங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செத்த ஒருவருக்குச் செய்ய வேண்டியதைத் தடுத்துவிட்டோம் என்ற பாரத்தோடு நீங்கள் போகப்போகிறீர்கள் என்று எனக்குப் பயம் வந்தது.

"நான் போறதுக்கு முன்னம் அவை அதை ஒருக்கால் முறையாய்ச் சொல்லிப்போட வேணும்" என்றீர்கள்.

கடிதம் எழுதினோம். நீங்கள் சொல்ல நான் தமிழில் எழுத, வாணி ஆங்கிலத்தில் மாற்றினாள். 'மகா கனம் பொருந்திய ஐயா அவர்களின் சமூகத்துக்கு' என்று தொடங்கினீர்கள். வாணி தலையில் கை வைத்தாள். "அப்பா, இது கொம்யூன் கந்தோருக்குப் போடுற சொக்னாட் இல்லை. நடந்ததைச் சும்மா சொல்லுங்கோ." சொக்னாட் என்று விண்ணப்பம் எழுதி எழுதியே காலம் போன மனிதருக்குச் சும்மா சொல்ல வரவில்லை. மூன்று இரவு எடுத்தது. கடைசியில் பெயர் போடமாட்டேன் என்று பிடிவாதம். 'ஒரு மாலுமி' என்றுதான் முடித்தீர்கள். வெட்கமாம்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். லிஃப்ட் இருந்தும், நேரம் போகட்டும் என்று படியால் இறங்குவீர்கள். மின்சாரக் கட்டணமும் தளபாடக் கடை விளம்பரமும்தான் வந்தன.

பங்குனியில் பதில் வந்தது. வாணி அதை உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் நின்று வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ஆலயத்தை இப்போது பார்த்துக்கொள்கிற ஒரு பெண் எழுதியிருந்தாள். மணல் அரித்த கிழவர் காலமாகி நெடுநாள். எஸ்தரின் கல் மயானத்தில் இருக்கிறது, போய்த் துடைத்துவிட்டு வந்தார்களாம். மகன் எங்கே என்று தெரியாது. நீங்கள் கேட்டபடி எஸ்தருக்காக அந்த மந்திரத்தை மறுபடியும் சொல்லிவிட்டார்கள். இதன் கீழே எழுதியிருந்ததை வாணி இரண்டு தரம் வாசித்தாள்.

'அன்று ஒன்பது பேர் வந்திருந்தார்கள். திறப்புக் கொத்தோடு வாசலில் நின்ற நான்தான் பத்தாவது. எங்கள் சபை இப்போது பெண்களையும் எண்ணுகிறது. என் தாயின் காலத்தில் என்னை எண்ணியிருந்தால் அதுவும் பெரிய பிழையாகத்தான் இருந்திருக்கும். ஆகவே உங்கள் பிழைக்குத் தீர்ப்புச் சொல்ல நான் பொருத்தமான ஆள் இல்லை. நீங்கள் உங்கள் பெயரை எழுதவில்லையே?'

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள். நித்திரையாக்கும் என்று நினைத்தோம்.

"பொம்பிளையளையும் எண்ணுகினமோ?"

"ஓம் அப்பா. அப்பிடித்தான் எழுதியிருக்கிறா."

"அண்டைக்கும் மேல்மாடியிலை நாலைஞ்சு பொம்பிளையள் இருந்தவை. ஒருத்தி முக்காட்டுக்குள்ளை அழுதுகொண்டும் நிண்டவ. ஒருத்தரும் அவையை எண்ணேல்லை." பிறகு ஊசி குத்தாத கையால் விரல்களை மடக்கிப் பார்த்தீர்கள். "அப்ப என்னை விட்டிட்டுப் பாத்தாலும் அண்டைக்கே பத்துக்கு மேலையெல்லே!"

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மருந்து ஒன்றும் தராத வெளிச்சம் அது. அவர்களுடைய சட்டப்படி அந்தக் கணக்குச் சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு நீங்கள் குறட்டைவிட்டு நித்திரை கொண்டீர்கள், எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தச் சித்திரைப் பூரணைக்கு ஒரு இலைதான் போட்டீர்கள். "மற்ற மனுசி?" என்று நான்தான் கேட்டேன். "அவ போய்ச் சேர்ந்திட்டா" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

ஐப்பசியில் நீங்களும் போய்விட்டீர்கள். நோவு வருத்தம் ஒன்றும் படாமல், மத்தியான நித்திரையில்.

உங்கள் செத்தவீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வருகிறேன். மண்டபத்தில் எல்லாம் ஆயத்தம். கிரியை செய்ய ஆண்பிள்ளை இல்லை என்று லில்லெஸ்ட்ரோமில் இருந்து வந்த உங்கள் பெரியம்மாவின் மகன் முன்னுக்கு வந்தார். பாவம், நல்ல மனதோடுதான் வந்தவர். "என்ரை மூத்தவன் நிக்கிறான். அவனைக் கொண்டு செய்விப்பம்" என்றார். அந்தப் பெடியன் உங்களை வாழ்க்கையில் நாலு தரம் கண்டிருப்பான். பக்கத்தில் வாணி நின்றாள். உங்கள் மருந்து நேரமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள், உங்கள் கடிதத்தை மூன்று இரவு இருந்து எழுதியவள். அவளை ஒருவரும் எண்ணவில்லை.

"என்ரை பிள்ளை செய்வாள்" என்றேன்.

"மச்சாள், அது வழக்கமில்லையே."

வாணியை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். நிறுத்திவிட்டுச் சொன்னேன், "வழக்கம் எண்டது எண்ணிற ஆக்களின்ரை கையிலைதானே இருக்கு, அத்தான். நான் இவளை எண்ணிறன்."

குருக்கள் என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த குடும்பத்துக்கு மண்டபம் கொடுக்க இன்னும் முக்கால் மணித்தியாலம்தான் இருந்தது. "பிள்ளை, இஞ்சாலை வாங்கோ. தர்ப்பையை வலக்கை விரலிலை போடுங்கோ" என்றார். வாணி செய்தாள். அழுதழுது, ஒரு பிழையும் விடாமல் செய்தாள். அத்தான்தான் கடைசியில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று நெய்க்கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு வாணி தீவுக்குச் செய்தி எழுதினாள். உங்கள் பெயரையும் எழுதினாள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், தொலைபேசி அடித்தது. எடுத்தால் அந்தப் பெண். அவளுக்கு அங்கே காலை. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்களாம். இன்றைக்கு உங்கள் பெயரையும் சேர்த்து வாசிக்கப் போகிறார்களாம், எப்படி உச்சரிப்பது என்று கேட்கத்தான் எடுத்தாளாம். என்னுடைய அரைகுறை ஆங்கிலத்துக்கு அவ்வளவும் விளங்கியது. அவள் எழுத்தைப் பார்த்து ஒருமுறை வாசித்துக் காட்டினாள். அவள் வாயில் அது வேறு யாரோ ஒருவருடைய பெயர்.

உங்களுக்குத் தெரியும்தானே. இருபத்தைந்து வருடத்தில் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. இஞ்சாருங்கோ, வாணியின் அப்பா, இவர், என்ரை மனுசன், இவ்வளவும்தான். அலுவலகங்களில் கேட்டால் எழுதிக் காட்டுவேன், இல்லாவிட்டால் வாணியைப் பார்ப்பேன். செத்தவீட்டில் குருக்கள் கேட்டபோதும் அவள்தான் சொன்னாள். இந்த மடலிலும் பாருங்கள், கை அதைச் சுற்றிச் சுற்றித்தான் போகிறது.

ஆனால் அங்கே வாசலில் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் தொடங்கிவிடுவார்கள். பிழையான பெயருக்குப் போய்ச் சேர்ந்தால் பிறகு யார் கடிதம் எழுதித் திருத்துவது?

சுற்றுமுற்றும் பார்த்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. சொன்னேன்.

அவளுக்குக் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி கேட்டாள். சமையலறை நடுவில் நின்று, உங்கள் பெயரை முழுவதுமாக, அயல்வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

இப்போது நாளுக்கு ஒருக்கால் சொல்கிறேன். கோபிக்காதேங்கோ.